எண் நம்முடையது, கருவி யாருடையது?

கைப்பேசி வாடிக்கையாளர்களுக்கு இந்தியாவில் கிடைத்த உரிமைகளுள் தலையாயது எது என்று கேட்டால், எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை என்றே சொல்வேன். 2010 நவம்பர் 25 அன்று ஹரியாணாவில் தொடங்கிய இந்த வசதி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 2015 ஜூலை 3 முதல், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தாலும் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்று அது மேலும் விரிவடைந்தது. எண்ணை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தால், பிடிக்காத நிறுவனத்திடமே தங்கிக் கிடந்த கோடிக்கணக்கானோருக்கு அது ஒரு விடுதலை.

பொருளியலில் 'மாறுவதற்கான செலவு' என்றொரு கருத்து உண்டு. ஒரு கடையை விட்டு இன்னொரு கடைக்குப் போக நமக்கு எவ்வளவு செலவாகிறதோ, அந்த அளவுக்கு முதல் கடைக்காரர் விலையை உயர்த்திக்கொள்ள முடியும் என்பதே அதன் சாரம். பால் கிளெம்பரர் என்னும் பொருளியலாளர் 1980-களில் இதை விரிவாக ஆராய்ந்தார். எண் மாறா வசதி இந்தச் செலவைக் குறைத்தது. ஆனால், முழுமையாக நீக்கியதா? இல்லை. எண் நகர்கிறது, பல நேரங்களில் கருவி நகர மறுக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் ஒரு பழைய கைப்பேசி, வேறொரு நிறுவனத்தின் சிம் அட்டையைப் பொருத்தியதும் ஊமையாகிவிடுகிறது. இது ஏன் நிகழ்கிறது, இதனால் யாருக்கு இழப்பு, இதைத் தவிர்க்க என்ன செய்யலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலைத் தொடருக்கு அருகே உள்ள பேரூராட்சி பூலாம்பாடி. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் வட்டாரம் இது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அவர்களது குரலைக் கேட்பதற்காகவே கைப்பேசி வைத்திருக்கும் முதியோர் இங்கே தெருவுக்குச் சிலர் உண்டு. முதியோர் உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறியதா என்பதும், எரிவாயு உருளை எப்போது வரும் என்பதும் அவர்களுக்குக் குறுஞ்செய்தியாகவே தெரியவருகின்றன. பணி ஓய்வுக்குப் பின் இவ்வூரில் தங்கியிருக்கும் என்னிடம், விண்ணப்பப் படிவத்தோடு வருபவர்களைவிடப் பேசாத கைப்பேசியோடு வருபவர்களே அதிகம்.

கைப்பேசி என்பது அடிப்படையில் ஒரு வானொலிக் கருவி. ஆனால் சாதாரண வானொலியைப் போல் கேட்பதோடு நின்றுவிடாமல் பேசவும் செய்யும். கோபுரமும் கருவியும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள மூன்று பொருத்தங்கள் வேண்டும். முதலாவது, இரண்டும் ஒரே தொழில்நுட்பத்தைப் பேச வேண்டும். இரண்டாவது, இரண்டும் ஒரே அலைவரிசைப் பட்டையில் இயங்க வேண்டும். மூன்றாவது, அந்தக் கருவி வழியாகக் குரல் அழைப்பை அனுமதிக்க நிறுவனத்தின் வலையமைப்பு இசைய வேண்டும். இவை மூன்றும் அமைந்தாலும், கருவியை விற்ற நிறுவனம் வேண்டுமென்றே ஒரு மென்பொருள் பூட்டைப் போட்டிருக்கக்கூடும். ஆக, மூன்று பொருத்தங்களும் ஒரு பூட்டும். இவற்றுள் எது தவறினாலும் வாடிக்கையாளரின் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: 'சிக்னல் இல்லை'.

முதல் பொருத்தத்துக்கு நம் நாட்டிலேயே பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, மத்தியத் தகவல்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு. அப்போது வந்த தொழில்நுட்பம் ஜி.எஸ்.எம். அதில் சிம் அட்டை தனி, கருவி தனி. அட்டையைக் கழற்றி வேறு கருவியில் போடலாம். கருவியை வைத்துக்கொண்டு வேறு அட்டையையும் போடலாம். 2002 டிசம்பர் இறுதியில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் நிறுவனம் சி.டி.எம்.ஏ. என்ற வேறொரு தொழில்நுட்பத்தோடு வந்தது. 2003-இல் 501 ரூபாய் கட்டினால் கைப்பேசி என்று அது அறிவித்தபோது, அதுவரை கைப்பேசியை எட்டி நின்று பார்த்தவர்களின் கைக்கும் அது வந்து சேர்ந்தது. அதை மறுக்க முடியாது. ஆனால், அந்தத் தொடக்கக் காலக் கருவிகளில் சிம் அட்டைக்கென்று இடமே இல்லை. எண், கருவிக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்தது. நிறுவனத்தை விட்டு வெளியேறினால் கருவியைப் பரணில்தான் போட வேண்டும். பின்னாளில் அந்நிறுவனம் சி.டி.எம்.ஏ. சேவையையே கைவிட்டபோது, வெளியேற விரும்பாதவர்களின் கருவிகளும் பரணுக்குப் போயின.

இதற்கு நேர்மாறான நிகழ்வு 2018-இல் தமிழ்நாட்டில் நடந்தது. ஏர்செல் நிறுவனம் அந்த ஆண்டு பிப்ரவரியில் திடீரென்று முடங்கியது. தமிழ்நாட்டில் வேரூன்றி வளர்ந்த நிறுவனம் அது. கிராமப்புறங்களில் அதற்கு ஏராளமான வாடிக்கையாளர்கள் இருந்தனர். எண்ணை மாற்றிக்கொள்ள 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். அதை அனுப்பவே அலை இல்லாமல் மக்கள் கடை வாசல்களில் காத்துக் கிடந்தார்கள். பெருந்துயரம்தான். இருந்தும், அதில் ஓர் ஆறுதல் இருந்தது. அவர்கள் கையில் இருந்தவை ஜி.எஸ்.எம். கருவிகள். ஏர்டெல், வோடஃபோன், ஐடியா, பி.எஸ்.என்.எல். ஆகிய எந்த நிறுவனத்தின் அட்டையைப் போட்டாலும் அவை பேசின. நிறுவனம் மாண்டது, கருவி பிழைத்தது. பொதுத் தரம் ஒன்று இருப்பதன் அருமை இதுதான்.

ஆனால், அன்றைக்கே ஒரு கதவு அவர்களுக்கு மூடியிருந்தது. 2016 செப்டம்பர் 5 அன்று சேவையைத் தொடங்கிய ஜியோ, அப்போது 4ஜி தொழில்நுட்பத்தை மட்டுமே கொண்டிருந்த வலையமைப்பு. அதில் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. ஆகவே, பொத்தான்கள் கொண்ட பழைய 2ஜி கைப்பேசியில் ஜியோ அட்டையைப் போட்டால் எதுவும் நிகழாது. கருவியில் பழுதில்லை, அட்டையிலும் பழுதில்லை. ஒன்று பேசும் மொழி மற்றொன்றுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இரண்டாவது பொருத்தமான அலைவரிசை, சற்று நுட்பமானது. 4ஜி என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் எல்லா 4ஜி வலையமைப்புகளிலும் அது இயங்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை அதுவன்று. இந்தியாவில் 4ஜி சேவைக்கு 700, 850, 900, 1800, 2100, 2300, 2500 மெகாஹெர்ட்ஸ் எனப் பல பட்டைகள் உள்ளன. ஒவ்வொரு நிறுவனமும் ஏலத்தில் எடுத்த, அல்லது அரசு ஒதுக்கிய சில பட்டைகளை மட்டுமே பயன்படுத்துகிறது. கைப்பேசி உற்பத்தியாளர்களோ, செலவைக் குறைக்கும் பொருட்டு, விற்பனையின்போது நாட்டில் பரவலாக இருக்கும் பட்டைகளுக்கான பாகங்களை மட்டும் வைக்கிறார்கள். இந்தியாவில் முன்பு விற்கப்பட்ட 4ஜி கைப்பேசிகள் பலவற்றில் 850, 1800, 2300 ஆகிய பட்டைகளே முதன்மையாக இருந்தன. 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை பலவற்றில் இல்லை.

இது ஏன் முக்கியம்? பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் 4ஜி சேவைக்கு அரசு ஒதுக்கிய பட்டைகளுள் முக்கியமானது 700 மெகாஹெர்ட்ஸ். அலைவரிசை குறையக் குறைய அலை நெடுந்தொலைவு செல்லும்; சுவரையும் ஓரளவு துளைத்துச் செல்லும். கோபுரங்கள் நெருக்கமாக இல்லாத சிற்றூர்களுக்கும் மலையடிவாரங்களுக்கும் இத்தகைய தாழ்ந்த பட்டையே ஏற்றது. நகரத்தில் கோபுரத்துக்குக் கோபுரம் சில நூறு மீட்டர். அங்கே எந்தப் பட்டையாலும் சமாளிக்கலாம். கிராமத்தில் அப்படியன்று. ஆக, கிராமத்துக்கு மிகவும் பயன்படக்கூடிய பட்டை எதுவோ, அதுவே கிராமத்தாரின் கையில் இருக்கும் பழைய கருவியில் இல்லாமல் போகிறது. நகரத்தில் இருப்பவர் இதை உணரவே மாட்டார்.

மூன்றாவது பொருத்தம் பலருக்கும் புதிராக இருப்பது. இணையம் வருகிறது, படம் ஓடுகிறது, வாட்ஸ்ஆப் பேசுகிறது. ஆனால் எண்ணை அழுத்தி அழைத்தால் அழைப்பு போவதில்லை. காரணம் இதுதான்: 4ஜி அடிப்படையில் தரவுகளைக் கொண்டுசெல்ல உருவாக்கப்பட்ட தொழில்நுட்பம். தொடக்கக் கால 4ஜி கைப்பேசிகள், அழைப்பு வந்ததும் 4ஜியை விட்டு இறங்கி, 3ஜி அல்லது 2ஜி வலையமைப்பில் பேச்சை நடத்திவிட்டு மீண்டும் 4ஜிக்கு ஏறிக்கொண்டன. 4ஜி வழியாகவே குரலை அனுப்பும் முறைக்கு 'வோல்ட்டீ' என்று பெயர். அந்த வசதி இல்லாத 4ஜி கைப்பேசி, இறங்குவதற்கு 2ஜியோ 3ஜியோ இல்லாத இடத்தில் ஊமையாகிவிடும். ஜியோ தொடங்கிய நாள்களில், இத்தகைய கருவிகளுக்காகவே குரல் அழைப்புக்கென்று ஒரு தனிச் செயலியை அந்நிறுவனம் வழங்க நேர்ந்தது நினைவிருக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கருவியில் வோல்ட்டீ வசதி இருந்தாலும், அது குறிப்பிட்ட நிறுவனத்தின் வலையமைப்புக்கு ஏற்ப மென்பொருளில் அமைக்கப்பட்டிருக்க வேண்டும். வெளிநாட்டில் விற்பதற்காகத் தயாரிக்கப்பட்ட கைப்பேசிகளில் இந்திய நிறுவனங்களுக்கான இந்த அமைப்பு இல்லாமலிருக்கலாம். மகன் ஊருக்கு வரும்போது கொண்டுவந்து தரும் கைப்பேசி, விலை உயர்ந்ததாக இருந்தும், இங்கே பேச மறுப்பதற்கு இதுவே காரணம்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வசிக்கும் ஒரு மூதாட்டி, சென்ற ஆண்டு இப்படியொரு கைப்பேசியோடு என்னிடம் வந்தார். கட்டணம் குறைவு என்று யாரோ சொல்ல, வேறு நிறுவனத்துக்கு மாறியிருந்தார். மகன் கொடுத்த கருவி. இணையம் வந்தது, மகனோடு வாட்ஸ்ஆப்பில் முகம் பார்த்துப் பேசவும் முடிந்தது. அதனால் கருவி சரியாக இருப்பதாகவே அவர் நம்பியிருக்கிறார். ஓர் இரவு அவருடைய கணவருக்கு மூச்சுத் திணறல். 108-ஐ அழுத்தினால் அழைப்பு போகவில்லை. வளைகுடாவில் இருக்கும் மகனை வாட்ஸ்ஆப்பில் எழுப்பி, அவர் அங்கிருந்து பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து, பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது. நல்வேளையாக, பெரியவர் பிழைத்துக்கொண்டார். "போன் நல்லாத்தானே இருக்கு வாத்தியாரய்யா, பேச்சு மட்டும் ஏன் போக மாட்டேங்குது?" என்று அவர் கேட்ட கேள்விக்கு, மேலே நான் எழுதிய இரண்டு பத்திகள்தாம் விடை. ஆனால், அந்த விடையை அட்டை விற்ற கடையில் அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று கடைக்காரரை எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை என்பதே என் கவலை.

மூன்று பொருத்தங்களையும் தாண்டி நிற்பது மென்பொருள் பூட்டு. 2017 ஜூலை 21 அன்று அறிவிக்கப்பட்ட ஜியோஃபோன் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1,500 ரூபாய் வைப்புத்தொகை கட்டினால் கருவி. மூன்றாண்டுகளுக்குப் பின் அத்தொகையைத் திரும்பப் பெறலாம் என்பது ஏற்பாடு. அதில் ஜியோ அட்டை மட்டுமே இயங்கும். 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு வந்த ஜியோ பாரத் கருவியும் அப்படியே. 25 கோடி இந்தியர்கள் இன்னும் 2ஜி காலத்திலேயே சிக்கியிருக்கிறார்கள் என்று அப்போது அந்நிறுவனம் கூறியது. அவர்களை 4ஜிக்குக் கொண்டுவர வேண்டும் என்ற நோக்கில் தவறில்லை. மலிவாகக் கருவி கொடுப்பவர் அந்த இழப்பைச் சந்தாவின் வழியே ஈடுகட்ட விரும்புவதும் வணிக நியாயமே. ஒருவகையில் அது தவணைக் கடன். ஆனால், எந்தக் கடனுக்கும் ஒரு முடிவு நாள் உண்டு. கடன் தீர்ந்த பிறகும் பத்திரத்தைத் திருப்பித் தராத கடன்காரரை நாம் என்ன சொல்வோம்?

இந்த இடத்தில் இருப்புப்பாதையை நினைத்துப் பார்ப்பது பொருத்தம். பெரம்பலூருக்கு ரயில் இல்லை. எங்களுக்கு ரயில் என்றால் அரியலூர்தான். விழுப்புரத்திலிருந்து அரியலூர் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் பாதை, நெடுங்காலம் மீட்டர் பாதையாக இருந்து, பின்னர் அகலப் பாதையானது. மீட்டர் பாதையின் அகலம் 1,000 மில்லிமீட்டர். அகலப் பாதையின் அகலம் 1,676 மில்லிமீட்டர். இரண்டும் சந்திக்கும் நிலையங்களில் ஒரு வண்டியிலிருந்து இறக்கிய மூட்டைகளை இன்னொரு வண்டியில் ஏற்றினார்கள். பண்டமும் மாறவில்லை, சேருமிடமும் மாறவில்லை. பாதையின் அகலம் மாறியதால் மட்டுமே அந்த வீண்செலவு. 1992-இல் ரயில்வே துறை ஒரே பாதைத் திட்டத்தைக் கையிலெடுத்து, பல ஆயிரம் கிலோமீட்டர் பாதையைப் படிப்படியாக மாற்றியது. அங்கே பாதையும் வண்டியும் ஒரே உரிமையாளருடையவை. மாற்றும் செலவை அரசே ஏற்றது. கைப்பேசியிலோ பாதை நிறுவனத்துடையது, வண்டி நம்முடையது. பாதையை அகலப்படுத்தும் முடிவை அவர்கள் எடுக்கிறார்கள். வண்டியை மாற்றும் செலவு நம் தலையில் விழுகிறது.

அந்தச் செலவு எவ்வளவு? நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25-இல் நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி 319 ரூபாய். 999 ரூபாய்க் கருவி என்றாலும் மூன்று நாள் கூலிக்கு மேல். 8,000 ரூபாய்க்கு ஓர் எளிய அறிதிறன்பேசி வாங்கினால், அது ஏறத்தாழ 25 நாள் கூலி. நிறுவனத்தை மாற்றுவதால் மாதத்துக்கு 50 ரூபாய் மிச்சமாகும் என்று வைத்துக்கொண்டால், அந்த 8,000 ரூபாயை ஈடுகட்ட 160 மாதங்கள், அதாவது 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் கருவியின் ஆயுளே முடிந்துவிடும். கணக்குப் போட்டுப் பார்க்கும் எவரும் மாற மாட்டார். எண் மாறா உரிமை சட்டத்தில் இருக்கிறது, கணக்கில் இல்லை.

இதில் மாறாதவர்களுக்கும் இழப்பு உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். 2024 ஜூலை தொடக்கத்தில் மூன்று தனியார் நிறுவனங்களும் ஓரிரு நாள் இடைவெளியில் கட்டணத்தை உயர்த்தின. திட்டத்துக்குத் திட்டம் உயர்வு ஏறக்குறைய 10 முதல் 25 விழுக்காடு. கட்டணத்தை உயர்த்தாத பி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்கு அந்த ஒரே மாதத்தில் நிகரமாகச் சுமார் 29 லட்சம் வாடிக்கையாளர்கள் கூடுதலாக வந்தனர் என்பதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புள்ளிவிவரம் காட்டியது. வாடிக்கையாளர் விலகிச் செல்வார் என்ற அச்சமே எந்தச் சந்தையிலும் விலைக்குக் கடிவாளம். விலகக்கூடிய சிலர் இருப்பதால்தான் விலகாத பலருக்கும் நியாயமான விலை கிடைக்கிறது. பொருந்தாத கருவிகள் பெருகினால் விலகக்கூடியவர்கள் குறைவார்கள், கடிவாளம் தளரும். அந்தக் கூடுதல் கட்டணத்தைப் புதிய கைப்பேசி வைத்திருப்பவரும் சேர்ந்தே கட்டுவார்.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அலைக்கற்றை அரிய வளம். பழைய தொழில்நுட்பத்துக்காக ஒரு பகுதியை ஒதுக்கி வைத்திருந்தால், அதே அலைக்கற்றையில் புதிய தொழில்நுட்பம் கொண்டுசெல்லக்கூடிய பன்மடங்கு பயன்பாடு வீணாகிறது. இரண்டு, மூன்று தலைமுறைக் கருவிகளைக் கோபுரத்தில் வைத்துப் பராமரிக்க மின்செலவும் ஆள்செலவும் ஆகின்றன. ஏர்டெல் தன் 3ஜி சேவையை மூடிவிட்டு 2ஜியைத் தக்கவைத்திருப்பது இந்தக் கணக்கின் விளைவே. உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் உருவான பி.எஸ்.என்.எல். 4ஜி வலையமைப்பு, 97,500-க்கும் மேற்பட்ட கோபுரங்களோடு 2025 செப்டம்பர் 27 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இத்தகைய முன்னேற்றங்கள் வேண்டும். பழையது என்றைக்காவது போகத்தான் வேண்டும். கேள்வி, அது எப்படிப் போகிறது என்பதே.

பிற நாடுகளைப் பார்ப்போம். நம் ஊர்ப் பிள்ளைகள் உழைக்கும் சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் 2ஜி சேவை மூடப்பட்டது. முன்கூட்டியே நாள் குறிக்கப்பட்டு, பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டு, நாட்டின் மூன்று நிறுவனங்களும் சேர்ந்தே அதைச் செய்தன. ஆஸ்திரேலியாவில் 3ஜி சேவையின் கடைசிக் கட்டம் 2024 அக்டோபர் 28 முதல் மூடப்பட்டது. அங்கே எழுந்த பெருங்கவலை, அவசர உதவி எண்ணான 000-ஐ அழைக்க முடியாத கருவிகள் மக்களிடம் இருந்துவிடக் கூடாது என்பதே. அவசர அழைப்பு செய்ய இயலாத கைப்பேசிகளுக்கு வலையமைப்பில் சேவை வழங்கக் கூடாது என்று அந்நாட்டு அரசு விதி செய்தது. கடுமையான விதிதான். ஆனால், இணையம் வருவதை நம்பி ஏமாறுவதைவிட, கருவி உதவாது என்பதை முன்பே தெரிந்துகொள்வது மேல் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. மென்பொருள் பூட்டைப் பொறுத்தவரை, கனடா 2017 டிசம்பர் முதலும் பிரிட்டன் 2021 டிசம்பர் முதலும் பூட்டிய கைப்பேசிகளை நிறுவனங்கள் விற்பதற்குத் தடை விதித்தன.

நம் நாட்டில் இதற்கு முன்னுதாரணம் இல்லாமலில்லை. 2017 முதல் விற்கப்படும் ஒவ்வொரு கைப்பேசியிலும் அவசர உதவிப் பொத்தான் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்தது. கைப்பேசியின் கதிர்வீச்சு அளவைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் நடைமுறையில் உள்ளது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரக் குறியைப் பார்த்து மின்செலவைக் கணிக்க, எழுத்தறியாதவரும் கற்றுக்கொண்டுவிட்டார். 2024 டிசம்பரில், இணையம் வேண்டாதவர்களுக்காகக் குரல் அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டங்களை நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்று டிராய் விதிகளைத் திருத்தியது. பொத்தான் கைப்பேசிக்காரர்களை ஒழுங்குமுறை ஆணையம் மறந்துவிடவில்லை என்பதற்கு அது சான்று. அந்தத் திசையில் இன்னும் நான்கு அடிகள் எடுத்துவைக்க வேண்டும்.

ஒன்று, ஒவ்வொரு கைப்பேசிப் பெட்டியின் மீதும், எந்தெந்த நிறுவனத்தின் சேவையில் குரல் அழைப்பு இயங்கும் என்பதைத் தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில், எளிய குறியீடாக அச்சிட வேண்டும். பட்டை எண்களை அச்சிட்டுப் பயனில்லை. அவற்றைப் புரிந்துகொள்ளப் பொறியாளர் வேண்டும். இரண்டு, நிறுவனம் மாற விரும்பி 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்புபவருக்கு, அவர் கையில் இருக்கும் கருவி புதிய நிறுவனத்தின் சேவையில் இயங்குமா என்பதையும் தெரிவிக்க வேண்டும். கருவியின் வகையை அதன் ஐ.எம்.இ.ஐ. எண்ணிலிருந்தே வலையமைப்பு அறிந்துகொள்ள முடியும் என்பதால் இது இயலாத காரியமன்று. மூன்று, மலிவு விலைக் கருவிகளின் மென்பொருள் பூட்டுக்கு ஒரு கால வரம்பு வேண்டும். அது முடிந்ததும் கட்டணமின்றிப் பூட்டு திறக்கப்பட வேண்டும். நான்கு, எந்த நிறுவனமும் ஒரு தலைமுறைச் சேவையை ஒரு மாவட்டத்தில் மூடுவதற்கு முன், போதிய கால அவகாசத்தோடு, உள்ளூர் மொழியில், குறுஞ்செய்தியாக மட்டுமன்றிக் குரல் அறிவிப்பாகவும் தெரிவிக்க வேண்டும்.

இவை நடக்கும் வரை நாம் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. நிறுவனம் மாற எண்ணுபவர்கள் ஒரு சிறு சோதனையைச் செய்துபார்க்கலாம். மாறவிருக்கும் நிறுவனத்தின் அட்டையை வைத்திருக்கும் உறவினரிடமோ நண்பரிடமோ அதைச் சிறிது நேரம் வாங்கி, உங்கள் கருவியில் போட்டு, வாட்ஸ்ஆப்பில் அல்லாமல் எண்ணை அழுத்தி ஓர் அழைப்பு செய்யுங்கள். ஓர் அழைப்பை ஏற்றும் பாருங்கள். ஒரு குறுஞ்செய்தி வருகிறதா என்று பாருங்கள். கடைத்தெருவில் மட்டுமன்றி, நீங்கள் இரவில் உறங்கும் அறையிலும் வயல் கிணற்றடியிலும் செய்து பாருங்கள். கருவியின் அமைப்புப் பகுதியில் 4ஜி குரல் அழைப்புக்கான தெரிவு இருந்தால், அதை இயக்கி வையுங்கள். மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லிக் கருவி கேட்டால் புதுப்பித்துவிடுங்கள். சில கருவிகளில் அதன் வழியாகவே இந்த வசதி வந்து சேர்கிறது.

இந்தச் சோதனைக்குப் பிறகே 1900-க்கு எழுதுங்கள். அங்கிருந்து வரும் குறியீட்டு எண் பொதுவாக நான்கு நாள்களுக்குச் செல்லும். ஒருமுறை மாறிவிட்டால், அடுத்து மாறுவதற்கு 90 நாள்கள் காத்திருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். கருவி பொருந்தவில்லை என்பது மாறிய பின் தெரியவந்தால், அந்த மூன்று மாதமும் ஊமைக் கருவியோடுதான் கழியும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பெற்றோருக்கென்று அங்கிருந்து பழைய கைப்பேசியைக் கொண்டுவரும்போது, ஊரில் இருக்கும் நாள்களிலேயே அவர்களது அட்டையைப் போட்டு, 112-ஐயும் 108-ஐயும் அவர்கள் அழைக்க நேர்ந்தால் இந்தக் கருவி பேசுமா என்பதை ஒரு சாதாரண அழைப்பின் மூலம் உறுதி செய்துவிட்டுக் கிளம்புங்கள். முகம் பார்த்துப் பேசும் வசதியைவிட இது முக்கியம்.

தொலைத்தொடர்பு என்பது காசு கொடுத்து வாங்கும் பண்டம் மட்டுமன்று. ஒருவர் பேச, இன்னொருவர் கேட்பதற்கான பொது ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை பெருகப் பெருக அதன் மதிப்பு உயரும் என்பது பொருளியலின் பாலபாடம். அப்படியானால், வேலை செய்யும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவர் அதிலிருந்து வெளியே நிற்க நேர்வது, அவருக்கு மட்டுமன்றி அவரை அழைக்க விரும்பும் எல்லோருக்கும் இழப்பு. எண்ணுக்கு 2011-இல் கிடைத்த விடுதலை, கருவிக்கும் கிடைக்க வேண்டும். அதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. வாங்குவதற்கு முன்பும் மாறுவதற்கு முன்பும், வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற ஒரு விதி போதும்.